தண்ணிக் கழிவு

பதினோரு வருசமாய் இந்த மடுவத்தில்
கொழுந்து நிறுக்கிறேன்.
சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள், முள் ஆடும்,
ஆட்டம் நிற்குமுன் என் வாய் சொல்லிவிடும்:
"எட்டு. தண்ணிக்கு ரெண்டு போக, ஆறு."
மூன்று நிறுவையும் கூட்டிப் பதினெட்டு வந்தால் பேர்.
பதினேழரைக்கு அரைப்பேர்.
அந்த அரைக் கிலோவுக்குள்
ஒரு வீட்டின் ராச்சோறு கிடப்பது
எனக்குத் தெரியும்.
தெரியும், ஆனால் கேட்டதில்லை.

மாசி மாதம்.
பொகவந்தலாவையில் இருபது நாளாக மழை இல்லை.
செக்ரோல் பக்கங்களுக்குள்ளும் ரோட்டுப் புழுதி.
அந்தி நிறுவையில் சந்தனமேரி சாக்கை மாட்டினாள்.
"ஏழு. தண்ணிக்கு ரெண்டு போக..."
"எந்தத் தண்ணி, ஐயா?"

சண்டைக் குரலே இல்லை.
தீப்பெட்டி என்ன விலை என்பதைப் போலக் கேட்டாள்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
"எப்பவும் கழிக்கிறதுதானே" என்றேன்.
"எப்பவும்ங்கிறது எத்தனை கிலோ?"

கோபம் வந்தது.
பதில் இல்லாத இடத்தை மூடத்தான்
அவ்வளவு சீக்கிரம் வந்தது.
"அடுத்த ஆள்!"

குவாட்டர்சில் தூக்கமில்லை.
இரண்டென்று எனக்குச் சொன்னவர் ஜெயசீலன்.
அவருக்குச் சொன்னவர், அவருக்கு முன்னே இருந்தவர்.
அதற்கு மேலே போனால் பனிமூட்டம்.
ஆளில்லாத ஒரு சொல்
தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் வாங்கியிருக்கிறது.

டார்ச்சோடு மடுவத்துக்கு இறங்கினேன்.
காய்ந்த சாக்கை நிறுத்தேன்.
வாளியில் முக்கியெடுத்து மறுபடி நிறுத்தேன்.
கூடியது இரண்டு கிலோ, ஏறக்குறைய!
சந்தோசத்தில் கை நடுங்கியது.
பிறகு அந்தச் சந்தோசத்தின் மேலேயே
டார்ச்சைத் திருப்பினேன்:
எந்த மழையடா சாக்கை வாளியில் முக்குகிறது?
இரண்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டவன்
இரண்டு வருகிற மாதிரித்தானே செய்திருக்கிறான்.

சித்திரையில் மழை பிடித்தது.
நனைந்த கொழுந்தை நிறுத்து,
படங்கில் விரித்து, ஈரம் ஆறியதும்
மறுபடி நிறுத்து எழுதினேன்.
தூறல் நாளில் முக்கால் கிலோ.
விட்டு விட்டுப் பெய்த நாளில் ஒன்றரை.
கொட்டின நாளில் மூன்று.
மூன்றைப் பார்த்ததும் தாளைக் கிழிக்கலாமா என்றிருந்தது;
கிழித்தால் யாருக்கு நல்லதென்று கூட விளங்கவில்லை.

சந்தனமேரியிடம் காட்டினேன்.
நெற்றிக் கயிற்றைத் தளர்த்திவிட்டு
விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.
"அப்ப கொட்டுற மழையிலே மூணு கழிங்க" என்றாள்.
பின்னால் நின்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்:
நீ எங்க கட்சியா, தொரை கட்சியா?
"வெயில்ல ஒண்ணும் கழிக்கக் கூடாதுன்னா
மழையில மூணை ஒத்துக்கணும்ல, ரஞ்சிதம்?"
ரஞ்சிதம் ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரு கிழமை இரண்டு பேரும் பேசவில்லை.

போகும்போது திரும்பி என்னைக் கேட்டாள்:
"ஆறப்போட்ட நேரத்துல கொழுந்தும் வாடியிருக்குமே,
அந்த எடையையும் தண்ணின்னு எழுதிட்டீங்களா?"
எழுதிவிட்டிருந்தேன்.

தொரை இன்னும் தாளைப் பார்க்கவில்லை.
மேசைமேல் வைக்கச் சொன்னார், மேசையில் இருக்கிறது.
வெயில் நாளில் நான் கழிப்பதில்லை;
அதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது.
விளக்கம் எழுத உட்கார்ந்தால்
ஒவ்வொரு வரிக்கும் 'எப்படித் தெரியும்?' என்று
உள்ளே ஒருத்தி நிற்கிறாள்.
மூன்று தாள் வீணாகிவிட்டது.

இப்போதெல்லாம் முள் நிற்கும்வரை காத்திருக்கிறேன்.
வரிசை நீள்கிறது, முணுமுணுக்கிறார்கள்,
லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
முள் ஆடி, ஆடி, நின்றது.
"ஏழு முக்கால்" என்றேன். கழிவு இல்லை.

சந்தனமேரி சாக்கைக் கழற்றவில்லை.
கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஐயா, இந்தத் தராசை
எதுல நிறுத்துப் பார்த்தீங்க?"